மஞ்சள் பல்பும் கவிழ்த்த டப்பாவும்

அடிபட்ட கார்களைச் சீர்செய்யும் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்த காரை எடுத்துப்போகக் கணவனும் மனைவியுமாக யாராவது வந்தால், முதலாளி முதல் வேலையாக அவர்களைப் பிரித்துவிடுவார். "அம்மா, நீங்க இந்தப் பக்கம் வந்து கலர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. சார், நீங்க அந்தப் பக்கம் நின்னு ஒடுக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க" என்பார். பெண் கண்ணுக்குக் கலர், ஆண் கண்ணுக்கு வடிவம். இது அவருடைய சித்தாந்தம். எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. வீட்டு சோபாவுக்கு உறை எடுக்கப்போன இடத்தில் மனைவியோடு மல்லுக்கு நின்று மண்ணைக் கவ்வினாரே, அன்றைக்குப் பிறந்தது. தோற்றுப்போன மனிதர் தன் தோல்விக்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அவரை அசைக்கவே முடியாது.

பட்டறையையும் அவர் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். முன்பக்கம் காற்றோட்டமான தகரக் கொட்டகை. அங்கே டிங்கர் வேலை, அதாவது நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது. அது ஆண்களுக்கு. முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் கதவடைத்த ஓர் அறை. அங்கே கலர் கலப்பதும் அடிப்பதும். அது ஒரு பெண்ணுக்கு. அந்தப் பெண்தான் கலர் அக்கா. வீட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். பட்டறையில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அவள் அங்கே முதலில் வந்தது கார் இருக்கைகளைத் துடைக்கத்தான். வந்த கொஞ்ச காலத்தில் பழைய பெயிண்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் ஈரத்துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். "உனக்குத்தான் கலர் தெரியுமே, வா" என்று உள்ளே அனுப்பிவிட்டார். தெரியுமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. அவள் கலந்த முதல் சில்வர் பச்சையாக வந்தது. முதல் சிவப்பு காய்ந்தபின் செங்கல் நிறத்துக்கு இறங்கியது. கம்பெனி சொல்லும் அளவில் கலந்தால் புதுக் காரின் கலர் வரும். வருஷக்கணக்காக வெயிலில் நின்று வெளுத்த காரின் கலர் எந்த அளவிலும் வராது. கொஞ்சம் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று தட்டுத்தடுமாறிப் பிடிக்க வேண்டும். முதலாளி "முதல் தடவைதானே, வந்துடும். பொம்பளைக் கண்ணு பொய் சொல்லாது" என்றார். பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு கை பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். கலந்த கலரைச் சின்ன அட்டையில் அடித்துக் காயவைத்துக் காரோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அறைக்குள் ஒத்துப்போகும், வெளியே கொண்டுவந்தால் பல் இளிக்கும். குற்றவாளி அந்த அறையின் மஞ்சள் பல்பு என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அதன் வெளிச்சத்தில் வெள்ளையும் ஒன்றுதான், பால் வெள்ளையும் ஒன்றுதான், லேசாக நீலம் ஓடிய வெள்ளையும் ஒன்றுதான். அன்றிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவாள். வெயிலில் ஒரு முறை, சுவர் நிழலில் ஒரு முறை, குனிந்து ஒரு முறை, சாய்ந்து ஒரு முறை. மற்றவர்கள் அவள் காற்று வாங்க வருகிறாள் என்று நினைத்தார்கள். ஆறேழு ஆண்கள் இருந்த பட்டறை. அவள் கையில் அட்டை இருந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குள் கொடிகட்டிப் பறந்தாள். புதுக் கதவுக்கும் பழைய கதவுக்கும் வித்தியாசம் காட்ட எவராலும் முடியவில்லை. ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு கற்றதை முதலாளி ஒரே வரியில் பிறவிக் கணக்கில் எழுதிவிட்டார்: "நான் அப்பவே சொன்னேன் பாத்தியா, பொம்பளைக் கண்ணு!" முதலில் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, சொல்லத்தான் வேண்டும், இனித்தது.

அந்த இனிப்பில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பாலிஷ்காரர் என்று ஒருவர் இருந்தார். அவளைவிட வயதில் இளையவர், அதிகம் பேசாதவர். அடித்துக் காய்ந்த பெயிண்ட்டுக்கு மெஷின் வைத்து மினுக்கேற்றுவது அவர் வேலை. ஒரு நாள் அவர் முதலாளியிடம் போய், கலர் அறையில் தனக்கும் கற்றுக்கொள்ள இடம் கொடுக்கும்படி கேட்டுவிட்டார். கலர் அக்கா காதிலும் அது விழுந்தது. ஆண் ஒருவன் உள்ளே வந்து கற்றுக்கொண்டுவிட்டால் தன்னைத் திரும்பவும் இருக்கை துடைக்க அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். பயம் நியாயமானது. செய்த காரியம் நியாயமானதல்ல.

எல்லோரையும் அறை வாசலுக்கு அழைத்து, இரண்டு வெள்ளை அட்டைகளை மஞ்சள் பல்பின் கீழ் பிடித்தாள். "தம்பி, இதுல எது கொஞ்சம் நீலம் ஓடினது, எது பால் வெள்ளை? சொல்லு பாப்போம்." பாலிஷ்காரர் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்குக்கா" என்றார். அவளுக்கும் அந்த வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் காலையிலேயே வெயிலில் பார்த்து, பின்னால் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருந்தாள். "ஆம்பளைக் கண்ணு, பாவம், அவ்வளவுதான்" என்றாள். பட்டறை முழுக்கச் சிரித்தது. பாலிஷ்காரரும் கூடவே சிரித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிப் போனார். அந்த இரண்டு அட்டைகளையும் அறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக, பதக்கம் மாதிரி மாட்டி வைத்தாள்.

ஆறு வருஷம் அவை அங்கேயே தொங்கின.

பிறகு இருமல் வந்தது. முதலில் அறைக்குள் மட்டும், பிறகு வீட்டு மாடிப்படி ஏறும்போது, பிறகு சிரித்தால்கூட. ரப்பர் வார் அறுந்துபோன ஒரு மாஸ்க்தான் பட்டறையில் இருந்தது. அதைப் போடுவதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு வளவளவென்று பேசவில்லை. "இந்தப் பெயிண்ட் புகை உங்க நெஞ்சுக்கு இனிமே ஆகாது. இப்ப எவ்வளவு நல்ல மாஸ்க் போட்டாலும் ஆகாது. அந்த அறைக்குள்ள கால் வைக்காதீங்க. வைப்பேன்னு அடம்பிடிச்சா அடுத்த தடவை என்கிட்ட வரமாட்டீங்க, நேரா ஆஸ்பத்திரியில படுப்பீங்க" என்றார்.

வேறு எங்காவது வேலை தேடிக்கொள்ளலாம்தான். அவளால் முடியவில்லை. பட்டறையின் இரும்புச் சத்தம் இல்லாமல், நசுங்கி வந்த கார் நேராகித் திரும்பிப் போவதைப் பார்க்காமல் அவளுக்கு நாள் ஓடாது. துடைக்க வந்த இடத்தில் தொழிலாளியாக ஆனவள். மறுபடி எங்கோ போய்த் துடைக்க மாட்டாள். ஆக, அந்தப் பட்டறையில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே இடம் முன்கொட்டகை. டிங்கர் வேலை. அது கிடைத்தால் தொழில் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை.

முன்கொட்டகையின் ராஜா டிங்கர் அண்ணன். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். முதுகுக்குப் பின்னால் ஒட்டகம் என்பார்கள். இரும்புத் தாங்கியின் மேல் காரின் எஞ்சின் மூடியான பானெட்டைக் கிடத்தி, ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்து, இரண்டு தரம் தலையை ஆட்டிப் பார்த்து, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க கொஞ்சூண்டு" என்று சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். மற்றவர்கள் தடவித் தடவிப் பார்த்தால்தான் தெரியும் ஒடுக்கு அவருக்கு நின்ற இடத்திலிருந்தே தெரியும். அவளைக் கண்டால் அவருக்குப் பிரியம்தான். ஆனால் அவள் வந்து டிங்கர் வேலை கேட்டது வேறு விஷயம்.

"ஏம்மா, நீதானே சொன்ன, ஆம்பளைக் கண்ணுக்குக் கலர் தெரியாதுன்னு? அப்ப பொம்பளைக் கண்ணுக்கு ஒடுக்கு தெரியாது. கணக்கு சரியாப் போச்சு, போ" என்றார். கொட்டகை சிரித்தது. அவள் சொன்ன சொல் அவளையே திருப்பி அடித்தது. மென்று விழுங்கிக்கொண்டு, "ஒரு தடவை பார்க்க விடுங்க அண்ணே" என்றாள்.

முதலாளிக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. ஒரு பானெட்டைத் தாங்கியில் போட்டார்கள். டிங்கர் அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தில் அவள் நின்றாள். அங்கே இடுப்பு உயரத்தில் கருவிப் பலகை ஒன்று குறுக்கே இருக்கும். அதைத் தாண்டி நெருங்க முடியாது. அவருக்குத்தான் அது இடுப்பு உயரம். அவளுக்கு நெஞ்சுக்குக் கிட்டத்தட்ட வந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். பார்த்தாள். பளபளவென்று ஒரு தகடு தெரிந்தது. ஒடுக்கு என்று எதுவும் தெரியவில்லை. தலையை ஆட்டிப் பார்த்தாள், அவர் செய்கிற மாதிரியே. அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் குத்துமதிப்பாக இரண்டு வட்டம் போட்டாள். இரண்டும் தப்பு. முதலாளி வருத்தமாகவே, "உன் மேல குத்தமில்லம்மா, கண்ணோட அமைப்பு அது" என்றார். கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மாதிரி இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் அவள் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் கால் வைத்ததும் எவனிடம் டிக்கெட் இல்லை என்று, அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு வீட்டில் உப்பு ஜாடி தெரியாது. மூக்குக்கு நேரே இருந்தாலும் தெரியாது. கேட்டால் "ஆம்பளைக் கண்ணும்மா, அப்படித்தான்" என்பார். அவளும் இத்தனை வருஷம் அதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, எழுந்து போய் ஜாடியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். "ஒரு ஒடுக்குகூடத் தெரியலங்க. பொட்டைக் காட்டுல நிக்கற மாதிரி நின்னேன்."

"அதுக்கு ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கற? உனக்குக் கலர், அவங்களுக்கு ஒடுக்கு. எனக்கு உப்பு ஜாடி தெரியாது, உனக்கு டிக்கெட் இல்லாதவனைத் தெரியாது. ஆளுக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுத்திருக்கு" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். போன வேகத்தில் குரல் வந்தது. "ஏம்மா, என் துண்டு எங்க?"

மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "அப்பா தேடவே இல்லம்மா. நின்ன எடத்துலயே நின்னுகிட்டு உன்னைக் கேக்கறார்."

துண்டை எடுக்க எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நின்ற இடம். பாலிஷ்காரருக்குக் கலர் தெரியாமல் போனதும் நின்ற இடத்தால்தானே? அந்தப் பல்பின் கீழே அவரை நிறுத்தியது யார்? கண்ணோட அமைப்பு என்று ஊரை நம்பவைக்க ஒரு மஞ்சள் பல்பு போதும் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அப்படியானால் டிங்கர் கொட்டகையிலும் எங்கோ ஒரு பல்பு இருக்கிறது. தன் கண்ணையும் ஏதோ ஒன்று கட்டியிருக்கிறது. அது என்ன என்று பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். துண்டு கொடியிலேயே கிடந்தது. "துண்டு!" என்று மறுபடி குரல் வந்தது. அவள் போகவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போனாள். பானெட் தாங்கியிலேயே இருந்தது. டிங்கர் அண்ணன் நிற்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தாள். எதிர்ப்பக்கம் கூரையிலிருந்து கம்பியில் ஒரு ட்யூப்லைட் தொங்கியது. அது கொட்டகைக்கு வெளிச்சம் கொடுக்க என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் தகட்டைத் துடைத்துவிட்டு அந்த ட்யூப்லைட் தகட்டில் எங்கே தெரிகிறது என்று தேடினாள். தகட்டின் கிட்ட ஓரத்தில், விளிம்பிலிருந்து நழுவி விழப்போகிற மாதிரி, ஒரு துணுக்கு வெள்ளை மட்டும் தெரிந்தது. குதிகாலை உயர்த்தினாள். துணுக்கு நீண்டு ஒரு கோடாகி உள்ளே நகர்ந்தது.

மூலையில் கிடந்த காலிப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றாள். வெள்ளைக் கோடு பானெட்டின் நடுவுக்கு வந்தது. நேராக ஓடிய கோடு ஓரிடத்தில் நெளிந்து, மறுபடி நேராகி, இன்னோரிடத்தில் இஸ்திரி போட்ட துணியில் மடிப்பு விழுந்த மாதிரி உடைந்தது. நெளிந்த இடத்தில் கையை வைத்தாள். ஒடுக்கு. உடைந்த இடத்தில் வைத்தாள். ஒடுக்கு. தலையை லேசாக ஆட்டினால் கோடு தகடு முழுக்க ஊர்ந்துபோனது. அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் இதுதான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டிங்கர் அண்ணன் அவளைப்போல ஏமாற்றவில்லை. அந்த விளக்கை வேலையில் சேர்ந்த புதிதில் அவரேதான் மாட்டினார், தன் உயரத்துக்கு. எதற்கு என்று யோசிக்காமல், கண்ணுக்குச் சுகமாக இருந்ததால். தன் உயரத்தில் நின்றவர்களுக்கு ஓரளவு தெரிந்ததையும், குள்ளமானவர்களுக்குத் தெரியாமல் போனதையும் அவர் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. தன் கண்ணே அப்படி என்று மனசார நம்பினார். எனவே அவர்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை. கோபம் முழுக்க அந்த ஆணியில் தொங்கிய இரண்டு அட்டைகளின் பக்கமே திரும்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

முதலாளியிடம் டாக்டர் சீட்டைக் காட்டி, ஒடுக்கு பார்க்கப் பழகக் கொஞ்ச நாள் தவணை வாங்கினாள். கலர் அறைக்குள் போகமாட்டேன், வாசலில் நின்றபடி கலக்கும் விதத்தைச் சொல்கிறேன், அடிப்பதை வேறு யாராவது அடிக்கட்டும் என்றாள். தினமும் காலையில் சீக்கிரம் வந்து டப்பாமேல் ஏறினாள். மதியம் மற்றவர்கள் சாப்பிடும்போது உடைசலில் கிடந்த பழைய கதவு, பழைய மட்கார்டு எல்லாவற்றையும் தாங்கியில் போட்டுத் துடைத்துப் பார்த்தாள். கண்ணால் பார்த்ததைக் கையால் சரிபார்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்தாள். பின்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து முன்பக்கம் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் தகடு உப்பிக்கொள்ளும், பயந்து அடித்தால் அசையாது. கட்டைவிரலில் அடித்துக்கொண்டாள். நகம் கறுத்தது. "கலர் அக்காவுக்கு நகத்துலயும் கலர் வந்துடுச்சு" என்று எவனோ சொன்னான். சொல்லிக்கொள்ளட்டும் என்று அடுத்த அடியை அடித்தாள்.

வீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. உப்பு எங்கே, சாவி எங்கே என்று குரல் வந்தால் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "நின்ன எடத்தை விட்டு நகருங்க." அவர் முதல் நாள் உப்பில்லாமல் சாப்பிட்டார். இரண்டாம் நாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய், ஜாடியோடு வெற்றிவீரர் மாதிரி திரும்பினார். மகள் கைதட்டினாள். டிக்கெட் பரிசோதகர் கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுதான் தோன்றியது.

தவணை முடிந்த அன்று, அன்றைக்குத்தான் வந்திருந்த ஒரு வாடகைக் காரின் பானெட்டை முதலாளியே கழற்றித் தாங்கியில் போடச் சொன்னார். டிங்கர் அண்ணன் முதலில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். கலர் அக்கா டப்பாவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்தாள். ஏறினாள். துடைத்தாள். தலையை மெல்ல ஆட்டியபடி சாக்பீஸால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டுக்கொண்டே போனாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் இறங்கியதும் டிங்கர் அண்ணன் வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கீல் பக்கத்தில் ஓரிடத்தைத் தொட்டார்.

"இதை விட்டுட்ட."

"விட்டுட்டேன் அண்ணே. நாளைக்கு விடமாட்டேன்."

"மத்ததெல்லாம் சரிதான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர், கண்ணெதிரே இருந்ததை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை. "இருந்தாலும் டப்பா மேல ஏறிப் பாக்கறதெல்லாம் ஒரு பார்வையா? நான் வெறும் தரையில நின்னுதானே பாக்கறேன்?"

அவள் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் போட்டாள். "உக்காருங்க அண்ணே. உக்காந்தா நீங்க என் உசரம் வருவீங்க. அங்கருந்து பாத்து, நான் போட்ட வட்டத்துல ஒரு ஒடுக்கைக் காட்டுங்க, போதும். நான் வந்த வழியே போயிடறேன்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பார்த்தார். சிரிப்பு நின்றது. தலையை ஆட்டினார். எழுந்தார், பார்த்தார், உட்கார்ந்தார், பார்த்தார், மறுபடி எழுந்தார். அவ்வளவு பெரிய மனிதர் தோப்புக்கரணம் போடுவது போல் எழுந்து எழுந்து உட்கார்வதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் உட்கார்ந்தபடியே மேலே அந்த ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா என் கண்ணு, என் கண்ணுன்னு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா. ஒடுக்கு உனக்குத் தெரியுது, நான் ஒத்துக்கறேன். ஆனா உன்னை இங்க விட்டுட்டா கலருக்கு நான் எங்க போவேன்? உன்னை மாதிரி இன்னொரு பொம்பளையை எங்கேருந்து கொண்டு வருவேன்? ஆள் கிடைக்கற வரைக்கும் நீ கலரையே பாரு. வாசல்ல நின்னாவது பாரு."

ஆள் கிடைக்கிற வரைக்கும். அதாவது எப்போதுமே இல்லை. வாசலில் நின்றாலும் அந்தப் புகை நெஞ்சுக்குள் இறங்கத்தான் செய்தது. காலையில்தான் இருமிவிட்டு வந்திருந்தாள். வழி ஒன்று இருந்தது. அது அவளுக்கு முன்பே தெரியும். அந்த நிமிஷம் வரை தெரியாத மாதிரி இருந்தாள். கலர் அக்கா என்ற பெயரைத் தவிர இந்தப் பட்டறையில் அவள் சம்பாதித்த பெருமை வேறில்லை. அதைத் தன் கையாலேயே உடைத்தால்தான் வழி திறக்கும். உடைத்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த ஆணியில தொங்கற ரெண்டு அட்டையையும் எடுத்துட்டு வா" என்றாள்.

பாலிஷ்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் எடுத்து வந்தார். எந்த அட்டை என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியாதா?

"அக்கா, இதை அன்னிக்கே பாத்தாச்சே. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

"பல்புக்குக் கீழ பாத்த. இப்ப வெளிய வா."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். நல்ல வெயில். பாலிஷ்காரர் இரண்டு அட்டைகளையும் அருகருகே பிடித்தார். சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். பிறகு மெதுவாக, "இது பாலு மாதிரி இருக்கு... இது சுண்ணாம்பு மாதிரி. நீலம் ஓடுது" என்றார். முதலாளி எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. சோபா உறையில் தோற்ற அதே கண்ணுக்குத்தான் தெரிந்தது.

அவள் எதையும் பூசி மெழுகவில்லை. "அன்னிக்குக் காலையில நான் வெயில்ல பாத்து, பின்னால பென்சில்ல குறிச்சு வெச்சுட்டுத்தான் உன்னை அந்தப் பல்புக்குக் கீழ நிக்க வெச்சேன். அந்த வெளிச்சத்துல எனக்கும் ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. என் எடம் போயிடுமோன்னு பயந்து அப்படிப் பண்ணினேன். பொம்பளைக் கண்ணும் இல்ல, ஆம்பளைக் கண்ணும் இல்ல. உனக்கு நான் சொல்லிக் குடுத்தா வந்துடும்."

பாலிஷ்காரர் அட்டைகளைத் திருப்பி, மங்கிப்போன பென்சில் குறியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரலில் கோபம் இல்லை.

"எனக்குக் கலரே தெரியாதுன்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. அன்னியிலேருந்து ஒரு சட்டைகூட நானா எடுத்ததில்ல. வீட்டுல எடுத்துக் குடுக்கறதைப் போட்டுக்குவேன். என் பொண்ணு படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்து, 'அப்பா, மரத்துக்கு எந்தப் பச்சை அடிக்கறது'ன்னு கேப்பா. 'அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதும்மா, அம்மாகிட்ட போ'ம்பேன். இப்ப அவ என்கிட்ட கேக்கறதே இல்ல."

தான் பறித்தது ஒரு வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "திட்டிடு தம்பி" என்றாள்.

"திட்டவும் வரல" என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்டாள். எல்லோர் முன்னாலும் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளி பக்கம் திரும்பினாள். அழுததோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. "உள்ள புகை போக்கற ஃபேன் போடணும். வெளிக்காத்து குழாயில வர்ற மாஸ்க் வாங்கணும். அந்த மஞ்சள் பல்பைக் கழட்டிட்டு நல்ல வெளிச்சம் போடணும். இதெல்லாம் வந்த பிறகுதான் தம்பி உள்ள கால் வைக்கணும். என் நெஞ்சுக்கு ஆனது இன்னொருத்தருக்கு ஆகக்கூடாது. நான் முற்றத்துல நின்னு சொல்லிக் குடுக்கறேன். மீதி நேரம் நான் முன்கொட்டகையில."

முதலாளி செலவைச் சொல்லி இழுத்துப் பார்த்தார். டிங்கர் அண்ணன் முற்றத்தில் நின்றபடியே, "வாங்கிப் போடுங்க முதலாளி. இன்னும் எத்தனை பேரை எந்தெந்த எடத்துல நிக்க வெச்சிருக்கோமோ" என்றார்.

ஃபேன் வந்தது, மாஸ்க் வந்தது. டிங்கர் அண்ணன் ட்யூப்லைட்டுக்குக் கயிறு கட்டி, ஏற்றி இறக்குகிற மாதிரி செய்தார். காலையில் அவர் உயர்த்துவார். தன் முறை வந்ததும் அவள் இறக்குவாள். "என் வெளக்கை ஏம்மா பாதாளத்துக்கு இறக்கற" என்று அவர் அலுத்துக்கொள்வார். இருமல் ஒரேயடியாகப் போகவில்லை. மாடிப்படி மட்டும் மூச்சு வாங்காமல் ஏற முடிந்தது. முதலாளி மட்டும் இன்னமும் கணவனையும் மனைவியையும் பிரித்துத்தான் நிறுத்தினார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எடம் மாத்தி நின்னு பாருங்க" என்று சேர்த்துச் சொல்லப் பழகிக்கொண்டார்.

பாலிஷ்காரர் கலர் அறைக்குள் போன முதல் நாள். கலர் அக்கா முன்கொட்டகையில் சுத்தியலோடு ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் வந்து நின்றார். புதுச் சட்டை. கண்ணைக் குத்துகிற பச்சை. அதில் ஆரஞ்சுக் கோடு வேறு. அவர் மார்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு, "நேத்து நானே போய் எடுத்தேன்க்கா. என் பொண்ணும் நானும். எப்படி இருக்கு?" என்றார்.

அந்தப் பச்சை சகிக்கவே முடியாத பச்சை. கொட்டகையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கலரைப் பற்றி அந்தப் பட்டறையில் கடைசி வார்த்தை இன்னமும் அவளுடையதுதான்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "வெயில்ல பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவரை அவள் 'நீங்க' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"பாத்தோம்க்கா. கடைக்கு வெளிய எடுத்துட்டு வந்து வெயில்ல வெச்சுப் பாத்துத்தான் எடுத்தோம்."

"அப்ப சரிதான்" என்றாள். வேறு ஏதாவது சொல்ல நினைத்த எவனையும் ஒரு பார்வையில் வாயடைக்க வைத்துவிட்டு, கயிற்றை இழுத்து விளக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.